கை நனைக்காத வயல்

ஆறு கடலுக்குப் போவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை வளைந்து போகிற பூவிளங்காட்டில், செங்கமலம் என்கிறவளுக்குக் கோயில் நிலம் ஒன்றரை ஏக்கர் குத்தகையில் இருந்தது. ஐப்பசி பதினாறாம் தேதி காலை, மூன்று வருஷம் கண்ணில் படாத ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக அந்த வயலுக்கு வந்து சேர்ந்தபோது, வயல் அதைத் தொட மாட்டேன் என்றது.

மடை வரைக்கும் தண்ணீர் மற்றத் தண்ணீரைப் போலத்தான் வந்தது, நுரையும் சருகுமாக, ஒரு பழைய செருப்பையும் இழுத்துக்கொண்டு. மடையைத் தாண்டியதும் வாசலில் தயங்கும் விருந்தாளி மாதிரி ஒரு கணம் நின்றது, பிறகு தரையிலிருந்து ஒரு முழம் மேலே எழும்பி, நாலு விரல் கனத்தில், வரப்புக்கு வரப்பு பாய் விரித்தது போலப் பரவிக்கொண்டது. மேலே தண்ணீர், கீழே மண், நடுவில் ஒரு முழம் வெறும் காற்று. செங்கமலம் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் குப்புறப் படுத்து அடியில் எட்டிப் பார்த்தாள். அவள் உழுதுபோட்ட கட்டிகள் அப்படியே காய்ந்து கிடந்தன, அவற்றின் மேல் உப்பு பூத்து வெள்ளையாக இருந்தது, அடுத்த வீட்டுக் கோழி ஒன்று அந்த நிழலில் நிதானமாகக் கிளறிக்கொண்டிருந்தது.

"என்னாடி தேடுற?" என்றான் அவள் புருஷன் கலியபெருமாள், பின்னால் வந்து.

"தண்ணி இறங்க மாட்டேங்குது."

அவனும் குனிந்து பார்த்தான். அவன் எதற்கும் அவசரப்படாதவன், கல்யாணத்துக்கே தாலி கட்டும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தான். "வேகமா வந்த களைப்பா இருக்கும்" என்றான். "சாயந்திரம் இறங்கும்."

சாயந்திரம் இறங்கவில்லை. மறுநாள் மழை பெய்தது, அந்த மழையும் பாயின் மேல் விழுந்து பாயோடு பாயாகச் சேர்ந்துகொண்டதே தவிர, ஒரு சொட்டு கீழே போகவில்லை.

செங்கமலத்துக்குக் கவலைப்படக் காரணம் தேட வேண்டியதில்லை, அவள் காரணம் இல்லாமலே கவலைப்படுகிறவள், அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். இந்தத் தடவை காரணமும் இருந்தது. சுற்றிலும் இருந்த வயல்களையெல்லாம் இளவழகன் இறால் குட்டையாக வெட்டிவிட்டான், நடுவில் இந்த ஒன்றரை ஏக்கர்தான் பாக்கி. இரண்டு சம்பா அழிந்துபோன நிலத்தைக் கோயில் எதற்கு இவளிடம் விட்டுவைக்க வேண்டும் என்று அவன் கேட்டான், கேட்டதில் நியாயமும் இருந்தது. கோயில் குமாஸ்தா சாம்பசிவம் முடிவாகச் சொல்லிவிட்டார்: கார்த்திகை முதல் தேதி வந்து பார்ப்பேன், நட்ட பயிர் வேர் பிடித்து நின்றால் நிலம் உனக்கு, இல்லாவிட்டால் இளவழகனுக்கு. கோயில் பின்புறம் மேட்டில் விட்டிருந்த நாற்றுக்கு அன்றைக்கு வயது இருபத்தைந்து நாள். நாற்று யாருக்காகவும் காத்திருக்காது, வயசுக்கு வந்த பெண்ணை விட அதிகமாக ஊர் அதன் வயதை விசாரிக்கும். செங்கமலம் காலையில் எழுந்ததும் முதலில் நாற்றின் வயதைத்தான் சொல்லிக்கொண்டாள். இருபத்தாறு. இருபத்தேழு.

ஊர் அந்த அதிசயத்தை இரண்டு நாள் வேடிக்கை பார்த்தது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. வாத்துகள் மேலே நீந்தின, கோழிகள் அடியில் மேய்ந்தன, தலைக்கு மேல் துடுப்புப் போடும் வாத்துக் கால்களைக் கோழிகள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்தன. மழையில் விறகு நனைகிறதே என்று கிழக்குத் தெருக்காரர்கள் கொண்டுவந்து தண்ணீருக்கு அடியில் அடுக்கினார்கள், இதைவிடக் காய்ந்த இடம் ஊரில் இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிள்ளைகள் அடியில் மல்லாந்து படுத்து, மீன்களின் வயிற்றைப் பார்த்து, எது சினை மீன் என்று பந்தயம் கட்டினார்கள். வேளாண்மை உதவி அலுவலர் நிலோஃபர் ஸ்கூட்டரில் வந்தாள், சின்னப் பெண், ஆனால் மண்ணைக் கையில் எடுத்தால் நகை பார்க்கும் ஆசாரி மாதிரி எடுப்பாள். ஆடியில் ஜிப்சம் போடச் சொன்னதும் அவள்தான், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழச் சொன்னதும் அவள்தான், செங்கமலம் இரண்டையும் ஒழுங்காகச் செய்திருந்தாள்.

"களர் மண்ணுல தண்ணி மேலயே நிக்கும், அது தெரிஞ்சதுதான்மா" என்றாள் நிலோஃபர். "ஆனா மண்ணத் தொட்டுக்கிட்டு நிக்கும்." பிறகு டேப்பை எடுத்து அளந்து, தேங்கிய நீரின் ஆழம் என்ற கட்டத்தில் நாலு விரல் என்றும், குறிப்பு என்ற கட்டத்தில் தரைக்கு மேல் ஒரு முழம் என்றும் எழுதிக்கொண்டு, "நான் சொன்னதெல்லாம் பண்ணிட்டீங்க. இனிமே அது குடிக்கணும், குடிச்சு உப்பைக் கக்கணும். குடிக்க வைக்கிறது என் பாடத்துல இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அது ஏன் குடிக்கவில்லை என்று ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆற்றுத் தண்ணீர் வராத மூன்று வருஷமும் செங்கமலம் ஆழ்குழாயைப் போட்டு அந்த வயலுக்கு உப்புத் தண்ணீர் இறைத்தாள். வேறு வழி இல்லாமல்தான் இறைத்தாள், இறைக்கும்போதெல்லாம் மண்ணைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் இறைத்தாள். மண் முதல் வருஷம் குடித்தது, இரண்டாம் வருஷமும் முகம் சுளிக்காமல் குடித்தது, மூன்றாம் வருஷம் அதன் உடம்பெல்லாம் வெள்ளை பூத்தது. இப்போது நல்ல தண்ணீரே வந்தாலும் அது எப்படி நம்பும்? அந்தப் பக்கத்தில் மனத்தாங்கல் உள்ள வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. கல்யாணம், சாவு என்றால் வருவார்கள், நிற்பார்கள், நாலு வார்த்தை பேசுவார்கள், சாப்பிடக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்று நழுவிவிடுவார்கள். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டால் கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், அதனால் தீராத கோபக்காரர்கள் வறண்ட கையோடே திரும்பிப் போவார்கள். மண்ணும் அப்படித்தான் கை நனைக்காமல் இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது, முடிவு கட்டியதும் எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது, ஏனென்றால் கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்களைச் சமாதானம் செய்வதில் பூவிளங்காட்டுக்காரர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு.

ஏழு தாம்பாளம் சீர் எடுத்தார்கள். வெற்றிலை பாக்கு, பூவன் பழம், கற்கண்டு, ஒரு புதுத் துண்டு, மேளம் கூட வந்தது. வரப்பில் தட்டுகளை இறக்கி வைத்து, வார்டு உறுப்பினர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நடந்தது நடந்துபோச்சு, பெரிய மனசு பண்ணி ரெண்டு வாய் சாப்பிடணும் என்று மண்ணிடம் கேட்டுக்கொண்டார். மாமன்மார் முறையில் நாலு பேர் கேட்டார்கள். சம்பந்தி முறையில் இரண்டு பேர் கேட்டார்கள். கடைசியில் கலியபெருமாள் கேட்டான், அவன் கேட்டது அவனுக்கே கேட்கவில்லை. கோழி ஒன்று தண்ணீருக்கு அடியிலிருந்து கழுத்தை நீட்டிக் கற்கண்டைக் கொத்திக்கொண்டு உள்ளே போனதுதான் மிச்சம்.

இளவழகன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "எதுக்குக்கா இவ்வளவு சிரமம்?" என்றான். "எங்கிட்ட குடுத்துடு. இறாலுக்கு மண்ணு எதுக்கு, தண்ணி நின்னாப் போதும். முழங்கால் வலிக்காம நின்னுக்கிட்டே இறால் பிடிக்கலாம்."

சிலர் சிரித்தார்கள். செங்கமலமும் சிரித்துவைத்தாள், வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்பது.

முப்பதாம் நாள் காலை அவள் நாற்றைப் பார்க்கப் போனவள், கால் போன போக்கில் மூத்த ஓரகத்தி அம்சவல்லி வீட்டு வாசலில் போய் நின்றாள். நின்ற பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம் முறைத் தண்ணீர் அம்சவல்லியுடையது. செங்கமலம் விடியற்காலையில் போய் மடையைத் தன் பக்கம் திருப்பிவிட்டாள், தன் நாற்று கருகுகிறதே என்கிற பதற்றத்தில் செய்துவிட்டாள், அம்சவல்லியின் நாற்றங்கால் முழுக்கக் கருகிப்போனது. மன்னிப்பு கேட்டு ஆள் அனுப்பினாள், பழம் கொடுத்தனுப்பினாள், பொங்கலுக்குக் கரும்பு அனுப்பினாள். வெட்கத்தில் அந்த வாசற்படியை மட்டும் மிதிக்கவில்லை.

அம்சவல்லி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, "வாடி. வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

"மண்ணு தண்ணிய வாங்க மாட்டேங்குதுக்கா."

"கேள்விப்பட்டேன். சீரெல்லாம் வச்சீங்களாமே. என்னா பழம்?"

"பூவன்."

"எனக்கும் பூவன்தான் குடுத்தனுப்புன."

செங்கமலம் காலால் தரையைக் கீறிக்கொண்டு நின்றாள். அம்சவல்லி ஒரு கொத்தை உருவி முறத்தில் போட்டாள்.

"நான் ஒண்ணு கேக்குறேன். உப்புத் தண்ணிய ஊத்தினது யாரு? நீ. ஊத்துனவளே இப்ப வா வா, என் கையால வாங்கிக் குடின்னு அதக் கூப்புடுற. தப்பு பண்ணினவ கூப்புட்டா, பட்டவ எதுக்குடி எழுந்து வரணும்? தப்பு பண்ணினவதான் போகணும். போயி, அதோட வாசல்ல உக்காந்து, அது என்னத்த வச்சிருக்கோ அதக் கேட்டு வாங்கித் தின்னணும். ஆளு மேல ஆளு அனுப்புறா, மேளம் அனுப்புறா. மேளமா தின்னும்?"

மண்ணைப் பற்றித்தான் சொன்னாள். ஆனால் முறத்தில் விழுந்த கீரையில் பாதி காம்பாக இருந்தது.

செங்கமலம் படியேறி உள்ளே போனாள். அடுப்பங்கரையில், கூப்பிடாத இடத்தில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, பசிக்குது. சோறு போடு."

வெளியே முறத்தைத் தட்டும் சத்தம் கேட்டது, அம்சவல்லி வந்தாள். "உனக்குன்னு ஒண்ணும் ஆக்கி வைக்கல. காலையில வடிச்சதுல அடியில ஒட்டிக் கிடக்கு."

"அதப் போடு."

போட்டாள். செங்கமலம் சாப்பிட்டாள். ஐந்து நாளாக இறங்காத சோறு இறங்கியது. எழுந்து முற்றத்து மூலையில் கையைக் கழுவியபோது, ஒன்பது வருஷம் கழித்து அந்த வீட்டுத் தண்ணீர் அவள் விரல்களில் ஓடியது, அவள் கையை முந்தானையில் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மோர் இருக்கு" என்றாள் அம்சவல்லி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "ஊத்தவா?"

அன்றைக்கே ஊருக்குச் சொல்லியாகிவிட்டது: நாளைக்கு எல்லோருக்கும் வயலில் சாப்பாடு. வயல் என்ன போடும் என்று கேட்டவர்களுக்கு அம்சவல்லி பதில் சொன்னாள். அந்த மண் மூன்று வருஷமாகத் தானாக ஒன்றே ஒன்றைத்தான் விளைவித்திருந்தது: உமரிக்கீரை, உப்பு மண்ணில் தானே முளைக்கும் தடித்த பொடிக்கீரை. செங்கமலம் அதைப் பார்க்கும்போதெல்லாம் களை என்று பிடுங்கி எறிந்திருந்தாள். அது தன்னால் முடிந்ததைப் போட்டது, நீ இலையை எட்டி உதைத்தாய் என்றாள் அம்சவல்லி. தண்ணீருக்கு அடியில் ஊர்ந்து போய், கட்டிகளின் இடுக்கில் மிச்சமிருந்த கீரையை இருவரும் ஆய்ந்தார்கள், புழுதியும் உப்பும் அப்பிய முகத்தோடு இரண்டு பேரும் வெளியே வந்தபோது யார் மூத்தவள் யார் இளையவள் என்று தெரியவில்லை. ஆறு பெரிய சட்டி ஆக்கினார்கள், ஒன்றிலும் உப்புப் போடவில்லை, போட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் நல்ல வெயில். வீட்டுக்கு வீடு சோறும் இலையுமாக வந்தார்கள், விறகுக்காரர்கள் விறகை எடுத்துக்கொண்டார்கள், கோழிகளைத் துரத்தினார்கள். ஊர் முழுக்க வயலுக்குள் இறங்கி, தண்ணீர்ப் பாயைத் துளைத்துக்கொண்டு, வெறும் மண்ணில் வரிசையாக உட்கார்ந்தது. பெரியவர்களுக்குத் தண்ணீர் மார்பளவு வந்தது, பிள்ளைகளுக்குக் கழுத்தளவு. மேலே பார்த்தால் தலைகளும் தோள்களும் மட்டும் தெரிந்தன, அடியில் பார்த்தால் மடக்கிய கால்களும், காய்ந்த மண்ணில் விரித்த இலைகளும், ஒரு சொட்டுப் படாத சோறும் தெரிந்தன. நிலோஃபரும் ஸ்கூட்டரை வரப்பில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்க வந்த இளவழகனை, "நிக்காத, பந்தியில யாரும் நிக்கக் கூடாது" என்று யாரோ இழுத்து உட்காரவைத்தார்கள்.

செங்கமலம் முதல் ஆளாகக் கையை எடுத்தாள். தண்ணீருக்குள் விட்டு, தண்ணீரைத் தாண்டி, கீழே இலையைத் தொட்டாள். சோற்றையும் கீரையையும் பிசைந்து உருட்டி மேலே கொண்டுவந்தாள், உருண்டை தண்ணீருக்குள் முங்கிப் பழைய சோறாகி வெளியே வந்தது, வாயில் போட்டுக்கொண்டாள். கரித்தது. முகத்தைச் சுளிக்க வைக்கும் கரிப்பு, தொண்டையை இறுக்கும் கரிப்பு, மூன்று வருஷம் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஊற்றிய கரிப்பு. அவள் முகம் சுளிக்கவில்லை. மென்று விழுங்கினாள்.

"நல்லாருக்கு" என்று மண்ணிடம் சொன்னாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கிறேன்."

கையை மறுபடி கீழே விட்டபோது விரல்கள் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன, விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு இலையின் ஓரம் வெறும் மண்ணில் விழுந்தது. ஆறு நாளாக ஆறும் மழையும் செய்ய முடியாததை அந்த ஒரு சொட்டு செய்தது. அது விழுந்த இடத்தில் மண் கறுத்தது. பக்கத்தில் அம்சவல்லி கையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, அங்கும் கறுத்தது. கலியபெருமாள் கையிலிருந்து, வார்டு உறுப்பினர் கையிலிருந்து, நிலோஃபர் கையிலிருந்து, நாற்பது வீட்டுக் கைகளிலிருந்தும் சொட்டுச் சொட்டாக விழுந்தது, ஏனென்றால் தண்ணீரைத் தாண்டாமல் அந்த இலையில் யாரும் சாப்பிட முடியாது, கை நனையாமல் அந்த வீட்டில் யாரும் எழுந்திருக்க முடியாது. சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன, கறுப்பு பரவியது, வெகுநாள் பட்டினி கிடந்தவர் முதல் மடக்கு விழுங்கும் சத்தம் வயலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் கேட்டது.

"இறங்குது" என்றாள் நிலோஃபர்.

தண்ணீர் இறங்கியது. மார்பிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து மடிக்கு, தூங்கும் பிள்ளையைத் தொட்டிலில் இறக்குகிற மாதிரி மெல்ல மெல்ல இறங்கி மண்ணின் மேல் படுத்தது. இலைகள் மிதந்தன, கட்டிகள் கரைந்தன, ஊர் முழுக்க உட்கார்ந்த இடத்தில் சேற்றில் அமிழ்ந்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அம்சவல்லி ஒரு பிடி சேற்றை அள்ளி செங்கமலத்தின் கன்னத்தில் அப்பினாள். ஒன்பது வருஷமாக அதற்கு ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவள் மாதிரி அப்பினாள், பிறகு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மண் இரண்டு நாள் குடித்தது. குடித்துவிட்டுத் தன் உப்பையெல்லாம் கக்கியது. வடிகாலைத் திறந்துவிட்டபோது தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்து வெளியேறி, எங்கே போக வேண்டுமோ அங்கே, கடலைப் பார்த்துப் போனது. மறுபடி நல்ல தண்ணீர் கட்டினார்கள், அதை மண் தரையிலேயே வாங்கிக்கொண்டது. நாற்றுக்கு வயது முப்பத்து மூன்று ஆன அன்று அம்சவல்லி முதல் நாற்று முடியைப் பிரித்துக் கொடுத்தாள், ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் இறங்கி உச்சிவேளைக்குள் ஒன்றரை ஏக்கரையும் நட்டு முடித்தார்கள். நட்ட நாற்று மூன்று நாள் சோர்ந்து நிற்பது வழக்கம். இது மறுநாள் காலையே தலை நிமிர்ந்தது, மூன்றாம் நாள் பச்சை கட்டியது, ஒரு நாளைக்கு ஒரு விரல் என்று வளர்ந்தது, வரப்பில் உட்கார்ந்து பார்த்தால் வளர்கிற சத்தம் கேட்கிறது என்று கலியபெருமாள் சொன்னான், அவனுக்கு அதையெல்லாம் உட்கார்ந்து கேட்க நேரம் இருந்தது.

கார்த்திகை முதல் தேதி சாம்பசிவம் குடையோடு வந்தார். கூடவே இளவழகன் வந்தான், பந்தியில் சாப்பிட்ட பிறகு அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் ஆசை இறங்கவில்லை. வரப்பு மறைகிற அளவுக்குப் பயிர் காற்றில் அசைந்துகொண்டிருந்தது.

"நேத்துக் கொண்டாந்து சொருகி வச்சிருப்பாங்க" என்றான் இளவழகன். "வேர் பிடிச்சுதான்னு பாக்கணும்."

"இழுத்துப் பாத்துக்குங்க" என்றாள் செங்கமலம். தன் குரல் நடுங்காததைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சாம்பசிவம் குனிந்து ஒரு பயிரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொன்றைப் பிடித்தார், அதுவும் வரவில்லை. இளவழகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினான், ஒரு குத்துப் பயிரை இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலைச் சேற்றில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். பயிர் வளைந்தது, நிமிர்ந்தது, அசையவில்லை. வயல் முழுக்க ஒரே வேராக அடியில் கைகோர்த்துக்கொண்டது போல, அவன் இழுத்த இழுப்புக்கு மறு கோடியில் இருந்த பயிர்கள் சிலிர்த்தன. அவன் பிடி நழுவிச் சேற்றில் உட்கார்ந்தான், பந்தியில் உட்கார்ந்த அதே இடத்தில்.

சாம்பசிவம் குடையை மடக்கினார். குத்தகைச் சீட்டில் செங்கமலம் பெயரை அழுத்தி எழுதினார்.

"என்னாம்மா இது" என்றார், "இந்தப் பிடி பிடிச்சிருக்கு?"

"விடாதுங்க" என்றாள் செங்கமலம். "கை நனைச்சிருக்குல்ல."